நாற்பத்திரண்டு மொச்சைக்கொட்டை

இனிமேல் வீட்டிலும் தளபதியாகவே இருந்துவிடுவது என்று எர்சிலியோ முடிவு செய்தபோது அவர் வீட்டில் இல்லை, தெருவில் இருந்தார். பெரிய முடிவுகளையெல்லாம் அவர் தெருவிலேயே எடுத்துவிடுவது வழக்கம். வீட்டுக்குள் எடுத்தால் மனைவி அர்மிதாவுக்குக் கேட்டுவிடும்.

காரணமில்லாமல் எடுத்த முடிவு அல்ல. அன்று ஜூன் இருபத்துநாலு. புனித கௌதென்சியோ திருவிழாவுக்குத் தளபதியைத் தேர்ந்தெடுக்கும் நாள். ரோக்காலூமே ஊரில் இதற்கு ஓட்டுச்சீட்டு கிடையாது. திருவிழாவில் பங்கெடுக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு வெள்ளை மொச்சைக்கொட்டை கொடுப்பார்கள். திரைக்குப் பின்னால் மூன்று பானைகள் இருக்கும். வேண்டியவர் பானையில் போட்டுவிட்டு வரவேண்டும். கொட்டி எண்ணியபோது வங்கி மேலாளருக்குப் பதினேழு, ஆலிவ் ஆலைக்காரருக்கு ஒன்பது, இரும்புக்கடை எர்சிலியோவுக்கு நாற்பத்திரண்டு. இருபத்தாறு வருடமாக ஊர்வலத்தில் ஒன்பதாவது ஈட்டிக்காரனாக, எட்டாவது ஈட்டிக்காரனின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தவர் அவர். நாற்பத்திரண்டில் ஒன்று அவரே போட்டது என்பதை மட்டும் உடனே மறந்துவிட்டார்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் போனார். அர்மிதா அடுப்படியில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்திரெண்டு, அர்மிதா."

"என்னது, இடுப்பளவா?"

"ஓட்டு. நாப்பத்திரெண்டு பேர் என்னை நம்பறாங்க."

"நான் ஒருத்தி உன்னை நம்பி உப்பு வாங்கிட்டு வரச் சொன்னேன். கொண்டு வந்தியா?"

எர்சிலியோ பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, தளபதிக்குரிய கம்பீரத்துடன் மேஜைமேல் வைத்தார். அர்மிதா அதைத் திருப்பிப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள்.

"இது சர்க்கரை."

"உப்பு தீர்ந்துபோச்சுன்னான்."

"தீர்ந்துபோனா சர்க்கரை வாங்கறதா? பொட்டலத்துல இத்தனை பெரிசா எழுதியிருக்கு. கண்ணு தெரியலையா?"

"நல்லாத் தெரியுது. நான்தான் கவனிக்கல."

வீட்டில் தளபதியாக இருப்பதை மறுநாளைக்கு ஒத்திவைத்தார்.

எர்சிலியோவுக்குக் கண் தெரியவில்லை என்பதுதான் இந்தக் கதையின் முழுப் பூசணிக்காய். அதைத்தான் அவர் மூன்று வருடமாகச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டால் உலகம் பனிமூட்டம். கழற்றினால் உலகம் பால். கண்ணாடியோடு ஒரு காகிதத்தை மூக்கில் ஒட்டினாற்போல் பிடித்தால், மத்தியான வெளிச்சத்தில் ஒரு வரி படிக்கலாம். குடும்ப டாக்டர் மூன்று தடவை சீட்டு எழுதிக் கொடுத்து, பெருஜியா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். மூன்று தடவையும் எர்சிலியோ பஸ் ஏறினார். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு வண்டிக்கடையில் முழுப்பன்றி வறுவலை வெட்டி ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். அதைத் தின்றுவிட்டு, "புரை இன்னும் முத்தலையாம், முத்தினப்புறம் வரச் சொன்னாரு" என்று அர்மிதாவிடம் சொல்லிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். கடையில் எழுபது தினுசுக் கத்தி விற்கிற மனிதருக்கு, ஒரு சின்னக் கத்தி தன் கண்ணுக்குப் பக்கத்தில் வரும் என்று நினைத்தாலே பஸ் நிலையத்தைத் தாண்ட முடியவில்லை. பயம்தான். அவருக்கே அது தெரியும்.

தேர்தல் முடிந்த மறுநாள் காலையில்தான் அவருக்கு விஷயம் உறைத்தது. தளபதி என்றால் வெறுமனே ஊர்வலத்தின் முன்னால் நடப்பவர் அல்ல. தளபதி படிக்க வேண்டும்.

செப்டம்பர் முதல் ஞாயிறு ஊரே ஆயிரத்து முந்நூற்று இருபத்தேழாம் வருடத்துக்குப் போய்விடும். அந்த வருடம் ஒரு கூலிப்படை ஊரை வளைத்ததாம். ஊர்ப்படை மொத்தம் பன்னிரண்டு பேர், அதில் நான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு. தளபதி புனிதரின் சொரூபத்துக்கு முன் மண்டியிட்டு, ஊர் பிழைத்தால் குடியை விடுகிறேன் என்று பொருத்தனை வைத்தான். விடிந்ததும் மூடுபனி இறங்கியது. எதிரிகள் கண் தெரியாமல் பக்கத்து மலையைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். தளபதி அப்புறம் சாகும்வரை ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. ஊர் குடிக்க விடவில்லை.

அதனால் இன்றைக்கும் தளபதி வேஷம் போடுகிறவர் கோயில் படியில் நின்று, தோல்சுருளைப் பிரித்து ஊரின் உறுதிமொழியைப் படிக்க வேண்டும். கடைசியில் தன் சொந்தப் பொருத்தனை ஒன்றையும் படிக்க வேண்டும். ஒரு சொல் பிசகக் கூடாது. நடுவில் நின்றுவிட்டால் முரசு ஒன்பது தடவை அடிக்கும். ஒன்பதாவது அடிக்குள் தொடராவிட்டால் அந்த வருடம் ஊருக்கு ஆகாது. முன்னொரு தளபதி தும்மல் வந்து நின்றுபோனார். அடுத்த புதன்கிழமை கோலிக்குண்டு அளவு ஆலங்கட்டி விழுந்து திராட்சை முழுவதும் நாசம். அவர் பெயரை ஊரில் இப்போதும் யாரும் சொல்வதில்லை, தும்மிக்காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

பொருத்தனை என்பது வாயால் சொல்லிவிட்டுப் போகிற சங்கதியும் அல்ல. அதை நிறைவேற்றிவைப்பது ஊரின் வேலை. போன வருடத் தளபதி தபால்காரர். ஒரு வேகத்தில் சிகரெட்டை விடுகிறேன் என்று சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து ஊரில் எந்தக் கடையும் அவருக்குச் சிகரெட் தரவில்லை. சைக்கிளில் பதினோரு கிலோமீட்டர் மிதித்துப் பக்கத்து ஊருக்குப் போனார். அங்கேயும் சொல்லிவைத்திருந்தார்கள். கடைக்காரி ஒரு புதினா மிட்டாய் கொடுத்து அனுப்பினாள்.

ஆகையால் விவரம் தெரிந்தவர்கள் வலிக்காத பொருத்தனையாகப் பார்த்து எடுப்பார்கள். எர்சிலியோ அத்திப்பழத்தை விடுவது என்று முடிவு செய்தார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு அத்திப்பழத்தைக் கண்டால் குமட்டும்.

பொருத்தனை தயார். உறுதிமொழி பன்னிரண்டு வரி. அதைக் கண்ணாடி போட்டுப் படிக்கலாமே என்றால், அங்கேதான் அர்மிதா நின்றாள்.

திருவிழாவுக்கு உடை தைக்கிற தையல் அறைக்கு முப்பது வருடமாக அவள்தான் தலைவி. ஊர்வலத்தன்று தெற்கு வாசலில் கையில் கூடையோடு நின்று சோதிப்பவளும் அவள்தான். கைக்கடிகாரம், ஜிப், நகப்பூச்சு, மூக்குக்கண்ணாடி, எதுவும் அவளைத் தாண்டி உள்ளே போகாது. மேயரையே ஒருமுறை, குனிந்தபோது உள்ளாடையின் எலாஸ்டிக் தெரிந்தது என்று வீட்டுக்கு அனுப்பினாள். மேயர் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் தளபதி வேஷம் வங்கி மேலாளருக்குப் போய்விடும். எர்சிலியோ பெருஜியாவுக்குப் போக வேண்டியிருக்கும், கூடவே அர்மிதாவும் வருவாள், பன்றி வறுவல் கிடையாது, கத்திதான்.

மனப்பாடம் செய்து பார்த்தார். நான்காவது வரி உள்ளே வந்தால் இரண்டாவது வரி வெளியே போய்விட்டது. ஜூலை முழுவதும் இப்படியே போயிற்று. தூக்கம் குறைந்தது. மாடிப்படியில் ஒரு நாள் இல்லாத படியில் கால் வைத்து உருண்டு விழுந்தார். "செருப்பு வழுக்கிடுச்சு" என்றார். "நீ செருப்பே போடலையே" என்றாள் அர்மிதா. அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்காதது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆகஸ்டில் வேறு வழியில்லாமல் துய்லியோவிடம் போனார். துய்லியோ முடிதிருத்துகிறவர், பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர். முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்தபடி எர்சிலியோ எல்லாவற்றையும் சொன்னார். பன்றி வறுவலை மட்டும் விட்டுவிட்டார். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"அப்ப உனக்குச் சுத்தமாத் தெரியாதா?" என்றார் துய்லியோ.

"கண்ணாடி இல்லாட்டி தெரியாது."

"இப்ப நான் எத்தனை விரல் காட்டறேன்?"

"மூணு."

"கத்திடா இது."

"துய்லியோ, விளையாடாத. நீ என் உசிரக் காப்பாத்தணும். தளபதிக்குப் பின்னால கேடயக்காரன் ஒருத்தன் நிப்பான்ல. தலையில இரும்புத்தொப்பி, முகத்துல மூடி. அவன் வாயசைச்சாலும் யாருக்கும் தெரியாது. நீ கேடயக்காரனா நில்லு. ஒவ்வொரு வரியா எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொல்லு. நான் சுருளைப் பாத்துக்கிட்டே திருப்பிச் சொல்லிடறேன்."

துய்லியோ கத்தியைத் துடைத்தார். "அர்மிதாவுக்குத் தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்? நான் சொல்லமாட்டேன். நீ சொல்லுவியா?"

"நானா? என் கடையில விழுந்த முடியாவது வெளிய போகும், ரகசியம் போகாது."

அந்தக் கடையின் முடியை துய்லியோ தினமும் மாலையில் தெருவில்தான் பெருக்கித் தள்ளுவார் என்பதை எர்சிலியோ அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

கடையைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் பதினைந்து நாள் ஒத்திகை பார்த்தார்கள். துய்லியோ கிசுகிசுப்பார், எர்சிலியோ முழங்குவார். துய்லியோவின் வாயில் தலைக்குத் தடவும் எண்ணெயும் சோம்பு மதுவும் கலந்து மணக்கும். அதையும் பொறுத்துக்கொண்டார். வீட்டில் அவர் அமைதியாக இருந்தார். அர்மிதா அவரைவிட அமைதியாக இருந்தாள். திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு ரொட்டியோடு ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன இது?"

"அத்திப்பழ ஜாம். இனிமே நீ தொடவே போறதில்ல, கடைசியாச் சாப்பிடுவேன்னு பண்ணேன். உனக்குத்தான் அத்தின்னா உசிராச்சே."

எர்சிலியோவால் மறுக்க முடியவில்லை. பிடிக்காததை விடுவது பொருத்தனை ஆகாது. மூன்று கரண்டி விழுங்கினார். நான்காவதையும் அவளே வைத்தாள். "எப்படி இருக்கு?" என்றாள். "விடறதுக்கு மனசே வரல" என்றார் அவர், கண்ணில் தண்ணீரோடு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தெற்கு வாசலில் வரிசை நின்றது. அர்மிதாவின் கூடையில் ஏற்கெனவே ஏழு கடிகாரமும் ஒரு காது கேட்கும் மெஷினும் கிடந்தன. எர்சிலியோவுக்கு முன்னால் வங்கி மேலாளர், இந்த வருடம் தானிய வியாபாரி வேஷத்தில்.

"வாயத் திறங்க."

"தங்கப்பல்ங்க, சிஞ்ஞோரா."

"தங்கம் அப்பவே இருந்துச்சு. போங்க. அடுத்தது யாரு?"

எர்சிலியோ முன்னால் வந்தார். சிவப்பு வெல்வெட் அங்கி, இடுப்பில் வாள், மூக்கில் சோடாபுட்டி.

"கழட்டு."

"அர்மிதா, பீசா நகரத்துல அந்தக் காலத்துலயே மூக்குக்கண்ணாடி இருந்துச்சாம். துய்லியோ எங்கயோ படிச்சிருக்கான்."

"பீசாவுல இருந்துச்சு. பீசாக்காரன் மலையேறி வந்து உனக்கு வித்தானா?"

"இல்ல."

"அப்ப கழட்டு."

கழற்றினார். உலகம் பாலாயிற்று. கண்ணாடி கூடையில் விழுந்த சத்தம் கேட்டது. அர்மிதா அவர் காலரைச் சரிசெய்தாள். சரியாக இருந்த காலரைத்தான் சரிசெய்தாள் என்று தோன்றியது.

"எர்சிலியோ."

"என்ன?"

"எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா? இப்ப சொல்லிட்டேன்னா கோவிச்சுக்க மாட்டேன்."

அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. பின்னால் ஈட்டிக்காரர்கள் நின்றார்கள், முரசு முழங்கியது, நாற்பத்திரண்டு பேர் நம்பியிருந்தார்கள்.

"ஒண்ணுமில்லையே. எல்லாம் பளிச்சுன்னு தெரியுது."

"நான் கண்ணைப் பத்திக் கேக்கலையே," என்றாள் அர்மிதா. "சரி, போ."

அவள் குரலில் என்னவோ இருந்தது. முகத்தைப் பார்த்திருந்தால் என்னவென்று புரிந்திருக்கும்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் அவர் வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றார். வந்த ஈட்டிக்காரர்கள் எல்லோரும் ஒரே வெள்ளைச் சுவராகக் கடந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. கேடயக்காரன்.

"வந்துட்டியாடா. உயிரே போச்சு எனக்கு."

இரும்புத்தொப்பி ஆடியது. கேடயத்தின் விளிம்பு அவர் முழங்கையை மெல்லத் தள்ளியது. ஊர்வலம் நகர்ந்தது. இரண்டு பக்கமும் கைதட்டல், ஜன்னல்களிலிருந்து பூ. எர்சிலியோ கைதட்டல் வந்த பக்கமெல்லாம் தலையாட்டினார். ஒரு தடவை விளக்குக் கம்பத்துக்கும் ஆட்டினார். துய்லியோ இன்று என்னவோ கஞ்சி போட்ட துணி மணக்கிறான், திருவிழாவுக்காகக் குளித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார். கோயில் படி பதினாலு. ஒவ்வொரு படிக்கும் பின்னாலிருந்து "படி" என்று ஒரு மூச்சு வந்தது. ஏழாவது படியில் ஒரு கை அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை விடவில்லை. ஒத்திகையில் துய்லியோ இப்படிப் பிடித்ததே இல்லை. எர்சிலியோவுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. சிநேகிதன் என்றால் இவன் அல்லவா என்று நினைத்தார்.

பங்குச் சாமியார் ஊர்ச்சாவியை அவர் இடதுகையில் வைத்தார். வலதுகையில் சுருள். முரசு நின்றது. மூவாயிரம் பேர் மூச்சைப் பிடித்தார்கள். எர்சிலியோ சுருளைப் பிரித்தார். வெள்ளை. தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று ஒரு பயம் வந்தது. பின்னாலிருந்து ஒரு விரல் நீண்டு சுருளைத் திருப்பியது.

"ரோக்காலூமே மக்களின் பெயரால்," என்றது கிசுகிசுப்பு.

"ரோக்காலூமே மக்களின் பெயரால்!" என்று முழங்கினார் எர்சிலியோ. சதுக்கத்தில் எதிரொலித்தது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிகள் போயின. மதிலைக் காப்போம், கிணற்றைக் காப்போம், வந்தவனுக்கு ரொட்டி கொடுப்போம். ஒரு சொல் பிசகவில்லை. பன்னிரண்டாவது வரி முடிந்தபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. எர்சிலியோவின் முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் குரல் அவருக்கே பிடித்துவிட்டது. இனி அத்திப்பழம்தான் பாக்கி.

"எர்சிலியோ ஆகிய நான்," என்றது கிசுகிசுப்பு.

"எர்சிலியோ ஆகிய நான்!"

"என் மனதுக்கு மிகவும் பிடித்த ஒன்றை,"

"என் மனதுக்கு மிகவும் பிடித்த ஒன்றை!"

"மூன்று ஆண்டுகளாகக் கட்டிக் காத்துவந்த ஒன்றை,"

இது ஒத்திகையில் இல்லை. துய்லியோ மேடையைக் கண்டதும் கொஞ்சம் மெருகேற்றுகிறான் என்று நினைத்தார். நன்றாகத்தான் இருந்தது. "மூன்று ஆண்டுகளாகக் கட்டிக் காத்துவந்த ஒன்றை!"

"பெருஜியா பஸ் நிலையத்தின் எதிரே பன்றி வறுவல் தின்றுவிட்டு வந்து, மனைவியிடம் சொன்ன பொய்யை,"

"பெருஜியா பஸ் நிலையத்தின் எதிரே பன்றி..." என்று முழங்கிய எர்சிலியோ அப்படியே நின்றுவிட்டார்.

பன்றி வறுவலைத்தான் அவர் துய்லியோவிடம் சொல்லவே இல்லையே.

சதுக்கத்தில் யாரோ சிரித்தார்கள். முரசு அடிக்க ஆரம்பித்தது. ஒன்று.

"துய்லியோ?" என்றார் எர்சிலியோ, உதட்டை அசைக்காமல்.

"துய்லியோ கீழ கூட்டத்துல நிக்கிறான். சட்டையில மூணு தடவையும் கொழுப்புக்கறை. தொவைச்சது யாருன்னு நெனச்சே? சொல்லு."

இரண்டு. மூன்று. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவாவது முடியாது என்பார்கள். இங்கே கத்தித்தான் ஆக வேண்டும்.

"அர்மிதா, நீ எப்படி இங்க... வாசல்ல யாரு?"

"நாலு."

"என்ன நாலு?"

"முரசு. அஞ்சு ஆயிடுச்சு. திராட்சை அறுப்புக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. முன்வரிசையில எல்லாம் தோட்டக்காரங்க. நல்லா யோசிச்சுக்கோ."

ஆறு. முன்வரிசையில் சிரிப்பு நின்றுபோனதை அவரால் உணர முடிந்தது. யாரோ ஒருவர் தும்மிக்காட்டினார். ஏழு.

"எனக்குப் பயமா இருக்கு," என்றார் எர்சிலியோ. மூன்று வருடத்தில் அவளிடம் அவர் சொன்ன முதல் உண்மை அதுதான்.

இரும்புக்குள்ளிருந்து வந்த குரல் தணிந்தது. "எனக்கும்தான். நீ படியில உருண்டப்ப நான் கீழ நின்னுட்டிருந்தேன். அன்னையிலேர்ந்து நீ மாடிக்குப் போனா நான் தூங்கறதில்ல." பிறகு பழைய குரல் வந்துவிட்டது. "எட்டு. சொல்லு."

தலைக்கு மேல் வெள்ளம். சாண் என்ன, முழம் என்ன. ஒன்பதாவது அடிக்குக் கோல் தூக்கப்பட்டபோது எர்சிலியோ வாயைத் திறந்தார்.

"...பன்றி வறுவல் தின்றுவிட்டு வந்து, மனைவியிடம் சொன்ன பொய்யை இன்றோடு விடுகிறேன்!"

"வருகிற செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு,"

"வருகிற செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு!"

"ஆஸ்பத்திரிக்குப் போய் வலது கண்ணையும், அடுத்த மாதம் இடது கண்ணையும்,"

"வலது கண்ணையும்! இடது கண்ணையும்!" குரல் உடைந்தது. சாவி கையில் கிலுகிலுத்தது.

"ஆபரேஷன் செய்துகொள்வேன் என்று புனித கௌதென்சியோ மேல் ஆணை."

அவர் சொல்லி முடித்ததும் சதுக்கம் அதிர்ந்தது. இருபத்தாறு வருடத்தில் எந்தத் தளபதிக்கும் இப்படி ஒரு கைதட்டல் வந்ததில்லை. தோட்டக்காரர்கள் தொப்பிகளை வீசினார்கள். பங்குச் சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊரறியத் தன் குற்றத்தை ஒப்புக்கொண்ட முதல் தளபதி என்று பிறகு பிரசங்கத்தில் சொன்னார்.

அதற்குப் பிறகு எர்சிலியோ செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எல்லாவற்றையும் ஊர் பார்த்துக்கொண்டது. திங்கட்கிழமை காலையிலேயே காப்பிக்கடையில், "நாளைக்கு வெறும் வயிறு, இங்க வந்துடாதீங்க" என்றார்கள். துய்லியோ முகம் வழித்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். "எப்படிடா சொன்னே?" என்று கேட்டதற்கு, "நான் எங்க சொன்னேன்? என் பொண்டாட்டிகிட்டதான் சொன்னேன். அவதான் தையல் அறையில வேலை செய்யறா" என்றார். செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்குப் பெருஜியா பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. இரண்டு ஈட்டிக்காரர்கள் முழு உடையில் வந்து ஏற்றிவிட்டார்கள். நகரத்தில் வண்டிக்கடைக்காரன் அவரைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னைக்கு உங்களுக்குக் கிடையாதாம்" என்றான்.

ஆபரேஷன் பன்னிரண்டு நிமிடம். வலிக்கவே இல்லை. கையை மட்டும் யாரோ பிடித்திருந்தார்கள். அர்மிதா இல்லை, அவளை உள்ளே விடவில்லை. நர்ஸ்தான். பிடித்த கைக்கு வலித்தது என்று பிறகு சொன்னாள்.

கட்டு அவிழ்த்தபின் எர்சிலியோ பார்த்ததையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டு திரிந்தார். உப்புப் பொட்டலம், மணிக்கூண்டு, எதிர்வீட்டுப் பூட்டில் இருந்த எழுத்து. அர்மிதாவின் தலையில் இத்தனை நரை இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதை மட்டும் படிக்காமல், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம், இடது கண்ணுக்குத் தேதி பார்க்க ஆஸ்பத்திரிச் சீட்டை இழுப்பறையிலிருந்து எடுத்தார். அதையும் உரக்கப் படித்தார். பாதியில் குரல் இறங்கியது.

"அர்மிதா, இதுல பதிவு செஞ்ச நாள் மே மூணுன்னு இருக்கு."

"ஆமா. நாலு மாசம் காத்திருக்கணும்னு சொன்னாங்க." அவள் தலைநிமிராமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"மே மாசம் நான் தளபதியே இல்லையே. ஜூன்லதான ஓட்டு. நான் தோத்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"நீ எப்படித் தோப்பே?"

எர்சிலியோ மெல்ல நிமிர்ந்தார். சுவரில் தையல் அறைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்த படம் மாட்டியிருந்தது. வருடக்கணக்காக அங்கேதான் இருக்கிறது, அவருக்கு அது ஒரு சாம்பல் கட்டம். இப்போது ஒவ்வொரு முகமும் தனித்தனியாகத் தெரிந்தது. துய்லியோவின் மனைவி இரண்டாவது வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தாள். விரல் வைத்து எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார்.

"நாப்பத்தொண்ணு," என்றார்.

"ஆமா, என்னையும் சேத்து," என்றாள் அர்மிதா. "அந்த நாப்பத்திரெண்டாவது மொச்சையை எந்தக் கிறுக்கன் போட்டான்னுதான் எங்க யாருக்கும் இன்னிக்கு வரைக்கும் புரியல."